அளவு தப்பாத சூரியக் குடும்ப மாதிரி: 1 மீட்டருக்கு 1 கோடி கிலோமீட்டர்

கேள்வி இதுதான்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து சூரியக் குடும்ப மாதிரி ஒன்று செய்ய வேண்டும். கோள்களின் பருமன், தூரம் இரண்டும் சரியாக வர என்ன கணக்குப் போடுவது? தெர்மாகோல் உருண்டைகளைக் கம்பியில் கோத்து மேசைமேல் வைத்தால் போதாதா?

போதாது. எட்டு உருண்டைகளை வரிசையாக வைத்தால் பெயர் வரிசை மனதில் நிற்கும். கூடவே கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சூரியன் வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்ற இரண்டு தவறான எண்ணங்களும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிறகு கழற்றுவது கஷ்டம். இதற்காகப் பாடப்புத்தகப் படத்தைக் குறை சொல்லவும் முடியாது. பூமியை 1 செ.மீ. வட்டமாக வரைந்தால் சூரியனுக்கு 109 செ.மீ. வட்டம் வேண்டும்; அதை 117 மீட்டர் தள்ளி வரைய வேண்டும்; நெப்டியூன் மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். தாளில் ஆகாத காரியம் இது. ஒரு மைதானமும் அரை கிலோமீட்டர் நேர்ச் சாலையும் கிடைத்தால் ஆகும்.

அளவுத் திட்டமாக 1 மீட்டர் = 1 கோடி கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 1 மி.மீ. = 10,000 கி.மீ. இரண்டும் ஒரே விகிதம்தான், 1-க்கு 1000 கோடி. இதில் பெரிய வசதி, கணக்கே போட வேண்டியதில்லை என்பது. தூரத்தைக் கோடி கிலோமீட்டரில் படித்தால் அதுவே மீட்டர். கிலோமீட்டரில் உள்ள விட்டத்தின் கடைசி நான்கு இலக்கங்களுக்கு முன்னால் தசமப் புள்ளி வைத்தால் மி.மீ. வந்துவிடும். பட்டியல் இப்படி வரும் (முதலில் விட்டம், பிறகு சூரியனிலிருந்து சராசரித் தூரம்):

சூரியன்: 139 மி.மீ.
புதன்: 0.49 மி.மீ., 5.8 மீ.
வெள்ளி: 1.2 மி.மீ., 10.8 மீ.
பூமி: 1.27 மி.மீ., 15 மீ.
செவ்வாய்: 0.68 மி.மீ., 22.8 மீ.
வியாழன்: 14 மி.மீ., 77.8 மீ.
சனி: 11.6 மி.மீ., 143 மீ.
யுரேனஸ்: 5.1 மி.மீ., 287 மீ.
நெப்டியூன்: 4.9 மி.மீ., 450 மீ.

முதல் நான்கு கோள்களும் 23 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு வியாழனுக்கு 55 மீட்டர் நடக்க வேண்டும். சனியைத் தொடும்போது நெப்டியூனுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குகூட முடிந்திருக்காது.

சூரியனுக்கு உருண்டை தேவையில்லை. தடித்த அட்டையில் வெட்டிய மஞ்சள் வட்டம் போதும். தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டைக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கவராயத்தை 6.95 செ.மீ.க்கு விரிக்க வேண்டும். இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது: பிள்ளைகள் 13.9 செ.மீ.க்கு விரித்துவிடுவார்கள், சூரியன் இரண்டு மடங்கு அகலமாகிவிடும். இணையத்தில் தேடினால் சில பக்கங்கள் ஆரத்தையும் சில பக்கங்கள் விட்டத்தையும் தரும். எந்த எண்ணை எடுத்தாலும் பூமியின் விட்டம் 12,742 கி.மீ. என்பதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே 6,371 என்று இருந்தால் அது ஆரம். உருண்டைதான் வேண்டும் என்று தெர்மாகோல் வாங்கினால் ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று குழி குழியாக்கிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் பூசலாம்.

வியாழனுக்குக் கோலிக்குண்டு ஏறக்குறையப் பொருந்தும். சாதாரணமாகக் கிடைப்பது 16 மி.மீ., தேவை 14. அந்த 2 மி.மீ. உறுத்தினால் களிமண்ணில் உருட்டுங்கள். ஆனால் மண் உலரும்போது சுருங்கும், அதனால் அளவை உலர்ந்த பிறகு எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் வெர்னியர் அளவி இருந்தால் மாணவர்களே அளக்கட்டும். அந்தக் கருவியைப் பழக இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சனியின் வளையத்தை மெல்லிய தாளில் வெட்டுங்கள்: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 27 மி.மீ. சுற்றுப்பாதைத் தளத்திலிருந்து 27 பாகை சாய்த்து ஒட்டுங்கள். தாளின் தடிமனை மட்டும் மன்னித்துவிட வேண்டும். உண்மை வளையம் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுக்குத்தான் தடிமன், நம் தாளோ இந்த அளவுத் திட்டத்தில் லட்சம் மடங்கு தடிமன்.

சின்னக் கோள்களை உருட்ட முயன்றால் பொறுமை போய்விடும். பூமிக்கும் வெள்ளிக்கும் குண்டூசியின் கூர்முனையால் ஒரு சொட்டு வண்ணத்தை வெள்ளை அட்டையில் வைத்தால் போதும். புதனும் செவ்வாயும் மெல்லிய பேனா முனைப் புள்ளிகள். ஒவ்வொரு அட்டையையும் இடுப்புயரக் குச்சியில் கட்டி, மேலே ஒரு கொடி வையுங்கள். கொடி இல்லாவிட்டால் 30 மீட்டர் போனதும் பின்னால் வைத்த கோள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து தூரத்தை அளப்பது. ஒவ்வொரு கோளையும் சூரியனிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோளிலிருந்து அடுத்ததற்கு என்று அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து நெப்டியூனில் பத்து மீட்டர் வித்தியாசம் வரும். 30 மீட்டர் டேப் இருந்தால் சனி வரைக்கும் அதுவே போதும், டேப் முடியும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு தொடரலாம். நைலான் கயிறு இழுத்தால் நீளும், பருத்திக் கயிறு மேல். யுரேனஸ், நெப்டியூனுக்குக் காலடிக் கணக்கு போதும், ஆனால் அதை முதலில் சரிபார்க்க வேண்டும். டேப்பால் 50 மீட்டர் அளந்து, அதே மாணவரை இயல்பாக மூன்று தடவை நடக்கவிட்டு, அடிகளின் சராசரியை எடுங்கள். 50 மீட்டருக்கு 76 அடி என்றால் 450 மீட்டருக்கு 684 அடி. “ஒரு அடி ஒரு மீட்டர்” என்று எட்டிப் போட்டு நடக்கச் சொன்னால் நூறாவது அடிக்குள் அடியின் நீளம் சுருங்கிவிடும்.

வைத்து முடித்தபின் அளவு சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பஞ்ச் மெஷினிலிருந்து விழும் காகிதப் பொட்டு ஏறக்குறைய 6 மி.மீ. இருக்கும். பூமியின் இடத்தில் நின்று, கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொட்டால் அட்டைச் சூரியனை மறையுங்கள். கண்ணிலிருந்து பொட்டு 60 முதல் 65 செ.மீ. தூரத்தில் இருந்தால் அது சூரியனை ஒட்டி மறைக்கும். பாதிதான் மறைந்தால் கவராயப் பிழை. கொஞ்சம் மிஞ்சியோ குறைந்தோ இருந்தால் 15 மீட்டர் சரியாக அளக்கப்படவில்லை. பூமியிலிருந்து பார்க்கையில் உண்மைச் சூரியனும் இதே அரைப் பாகை அளவுதான் தெரியும். ஆனால் அதை வானத்துச் சூரியனை வைத்துச் சோதிக்கக் கூடாது. ஒரு கணம்கூட நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பௌர்ணமி நிலவை அதே பொட்டால் மறைத்துப் பார்க்கலாம். நிலவும் அரைப் பாகைதான்.

நிலவும் சூரியனும் ஒரே அளவாகத் தெரிவது ஏன் என்று உடனே கேள்வி வரும். சூரியனின் விட்டம் நிலவைப் போல 400 மடங்கு, தூரமும் ஏறக்குறைய 390 மடங்கு, அதனால் இரண்டும் சமப்பட்டுவிடுகின்றன. நம் மாதிரியில் நிலவு 0.35 மி.மீ. புள்ளி, பூமியிலிருந்து 38 மி.மீ. தள்ளி. சிலர் இந்தப் புள்ளியைக் கண்ணுக்கு 38 மி.மீ. முன்னால் பிடித்துச் சூரிய கிரகணம் காட்டப் பார்ப்பார்கள். நடக்காது. கண்ணின் பாவையே இரண்டு, மூன்று மி.மீ. அகலம், 0.35 மி.மீ. புள்ளி அதை மறைக்காது, அவ்வளவு கிட்டத்தில் குவியவும் குவியாது. கிரகணத்துக்குப் பொட்டுச் சோதனையே போதும்.

பூமிக்கும் நிலவுக்கும் தனியாக ஓர் அட்டை செய்வது நல்லது, ஏனென்றால் இந்த 38 மி.மீ.க்குள்தான் பாதிப் பேருடைய சந்தேகங்கள் இருக்கின்றன. 9 செ.மீ. சதுர அட்டையின் நடுவில் பூமிப் புள்ளி, அதைச் சுற்றி 3.84 செ.மீ. ஆரத்தில் வட்டம், வட்டத்தின் மேல் நிலவு. புத்தகப் படங்களில் நிலவு பூமியிலிருந்து இரண்டு மூன்று பூமி தள்ளித்தான் இருக்கும், உண்மையில் முப்பது பூமி தள்ளி. மற்ற ஏழு கோள்களையும் அடுக்கி இந்த இடைவெளியில் வைத்துவிடலாம் என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். பட்டியலிலுள்ள ஏழு விட்டங்களையும் கூட்டிப் பாருங்கள், 38 மி.மீ. வரும். பூமி, நிலவு இரண்டின் ஆரங்களையும் கழித்தால் சராசரித் தூரத்தில் கொஞ்சம் இடிக்கும். நிலவு தொலைவுப் புள்ளியில் 40.5 மி.மீ.க்குப் போகும் நாளில் தாராளமாக அடங்கும்.

இப்போது அந்த அட்டையை பூமியின் குச்சியில் வைத்து, பூமியின் நிழல் எங்கே விழும் என்று மாணவர்களிடம் கேளுங்கள். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் விழ முடியும். அரைநிலவன்று நிலவு எங்கே? சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக. நிழலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. “பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தோன்றுகிறது” என்று பெரியவர்கள்கூட நம்பும் விளக்கம் இந்த அட்டை முன்னால் நிற்காது. நிலவில் எப்போதும் சூரியனைப் பார்த்த பாதி வெளிச்சமாக இருக்கிறது, அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை.

அப்படியானால் பௌர்ணமிதோறும் நிழலில் மாட்டிக்கொள்ள வேண்டுமே? அட்டையின் ஒரு விளிம்பைத் தூக்கி 5 பாகை சாயுங்கள், நிலவின் பாதை அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. விளிம்பு 3.4 மி.மீ. மேலே போகும். அந்தத் தூரத்தில் பூமியின் கருநிழல் (சூரிய ஒளி நேராகப் படாத நடு நிழல்) 0.9 மி.மீ. அகலம்தான். அதற்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போவதே நிலவுக்கு வழக்கம். நிலவின் சாய்ந்த பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளும் சூரியனை நோக்கி நேர்ப்படும் காலங்களில் மட்டும், வருடத்துக்கு இரண்டு தடவை, கிரகணப் பருவம் வரும். நிலவின் கருநிழலோ சராசரியாக 37 மி.மீ. நீளத்தில் கூம்பாகி முடிந்துவிடுகிறது. பூமியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த நுனி படும் இடத்தில் மட்டும்தான் முழுச் சூரிய கிரகணம் தெரியும்.

பருவகாலத்துக்கும் இந்த மாதிரியை வைத்தே பதில் சொல்லலாம். புத்தகங்களில் பூமியின் பாதை முட்டை வடிவில் நீண்டிருக்கும். அதைப் பார்த்த பிள்ளை கோடையில் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. மைதானத்தில் 15 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, சூரியனை மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி வையுங்கள். பூமியின் பாதை அதுதான். நீள்வட்டம் என்பது உண்மை, ஆனால் தட்டையின் அளவு 15 மீட்டருக்கு 2 மி.மீ. மட்டுமே, சுண்ணாம்புக் கோட்டின் அகலம் அதைவிட அதிகம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி 14.7 மீட்டரிலும் ஜூலை முதல் வாரத்தில் 15.2 மீட்டரிலும் இருக்கும். ஜனவரியில்தான் கிட்டத்தில் இருக்கிறோம், அப்போது வடக்கு அரைக்கோளத்துக்குக் குளிர்காலம். பருவத்தை முடிவு செய்வது 23.4 பாகை அச்சுச் சாய்வு. ஒரு பென்சிலை அந்தச் சாய்வில் பிடித்து, அதன் முனை எப்போதும் ஒரே திசையைப் பார்க்குமாறு வட்டத்தைச் சுற்றி நடந்தால் விஷயம் முடிந்தது. நடக்கும்போது பென்சிலை உடம்போடு சேர்த்துத் திருப்பிவிடுவார்கள், அதைக் கவனித்துத் தடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாகக் கொடுத்தால் திரும்பாது. குறி தூரமாக இருப்பது நல்லது.

கோள்கள் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நட்டு வைப்பது வசதிக்காக மட்டுமே. அவை எட்டும் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை. இடம் இருந்தால் உள்கோள்கள் நான்கையாவது அன்றைய உண்மைத் திசைகளில் வையுங்கள். சூரியனை மையமாகக் கொண்ட தீர்க்கரேகை எண்களை (சூரியனிலிருந்து பார்த்தால் கோள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை) நாசாவின் ஹொரைசன்ஸ் தரவுத்தளத்தில் தேதி கொடுத்து எடுக்கலாம். ஏதாவது ஒரு திசையைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பாகைமானியால் அளந்து நடுங்கள். ஒரு வாரம் கலைக்காமல் வைத்திருக்க முடிந்தால் தினமும் நகர்த்தலாம்: பூமி நாளுக்கு 26 செ.மீ., புதன் சராசரி 41 செ.மீ., நெப்டியூன் 5 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு.

இப்படி வைத்தால் செவ்வாய்ப் பயணம் ஏன் கடினம் என்பதும் தெரியும். 2003 ஆகஸ்டில் செவ்வாய் மிகக் கிட்டத்தில், 5.6 மீட்டரில் வந்தது. சூரியனுக்கு மறுபுறம் போனால் 40 மீட்டர். ஆனால் விண்கலம் அந்த 5.6 மீட்டரை நேராகக் குறுக்கே கடக்க முடியாது. பூமியின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு சூரியனை அரைச்சுற்றுச் சுற்றித்தான் போய்ச் சேரும், அந்த வளைவின் நீளம் ஏறக்குறைய 60 மீட்டர். கலம் சேரும் இடத்துக்குச் செவ்வாயும் அதே நாளில் வந்தாக வேண்டும். அந்த வாய்ப்பு 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். 2013 நவம்பர் 5-இல் ஏவப்பட்ட மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல்தான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 32 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை, சிறுகோள் பட்டை. அங்கே ஜல்லியைக் கொட்டி நிரப்பாதீர்கள். மிகப் பெரியதான சீரீஸ்கூட இந்த அளவில் 0.09 மி.மீ., தலைமுடியின் தடிமன். பட்டையிலுள்ள அத்தனையையும் சேர்த்தாலும் நிலவின் நிறையில் நூற்றுக்கு நான்கு பங்கு தேறாது. விண்கலங்கள் எதிலும் மோதாமல் கடந்து போவதற்கு அதுதான் காரணம்.

ஒளியின் வேகம் இந்த அளவில் விநாடிக்கு 3 செ.மீ. டேப்பின்மேல் ஒரு மாணவர் விரலை அந்த வேகத்தில் நகர்த்தினால் சூரியனிலிருந்து பூமிக்கு 8 நிமிடம் 20 விநாடி, நெப்டியூனுக்கு 4 மணி 10 நிமிடம். பூமிக்கு வருவதற்குள்ளேயே வகுப்பு பொறுமை இழந்துவிடும்; நிலவிலிருந்து பூமிக்கு 1.3 விநாடி என்பதைச் செய்து காட்டிவிட்டு மீதியைக் கணக்காகக் கொடுங்கள். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டரில் இருக்கும். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4,000 கிலோமீட்டரில்.

பெயர் அட்டைகளில் எழுதுவது பற்றி இரண்டு மூன்று எச்சரிக்கைகள். துணைக்கோள்களின் எண்ணிக்கையைத் தேதி இல்லாமல் எழுதாதீர்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் சனிக்கு 128 துணைக்கோள்கள் கூடி 274 ஆனது, பழைய புத்தகங்கள் எல்லாம் பொய்யாகிவிட்டன. நெப்டியூனுக்கு அடர்நீலம் பூச வேண்டாம். 1989-இல் வாயேஜர் 2 அனுப்பிய படங்களில் மேகங்கள் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சைநீலம் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. மிக வெப்பமான கோள் புதன் என்று யாராவது எழுதுவார்கள். அது வெள்ளி, தரையில் 460 பாகை செல்சியஸுக்கு மேல், கார்பன் டை ஆக்சைடு போர்வையால். புளூட்டோவை வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம், 0.24 மி.மீ., சராசரி 590 மீட்டர். “குறுங்கோள், 2006 ஆகஸ்ட் 24 முதல்” என்று எழுதிவிடுங்கள்.

450 மீட்டர் கிடைக்காத இடத்தில் பாதையை மடக்கித் திருப்பாதீர்கள், யுரேனஸ் சூரியனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஒன்று, சனியோடு 143 மீட்டரில் நிறுத்திக்கொண்டு மற்ற இரண்டின் இடங்களை வரைபடத்தில் காட்டலாம். அல்லது 1 மீட்டர் = 5 கோடி கி.மீ. என்று மாற்றலாம். அப்போது சூரியன் 2.8 செ.மீ., வியாழன் 2.8 மி.மீ., பூமி கால் மி.மீ. புள்ளியாக 3 மீட்டரில், நெப்டியூன் 90 மீட்டரில். புதன் இங்கே 0.1 மி.மீ.தான்; அதற்கும் கீழே போனால் கண்ணுக்கு எட்டாது, இதற்கு மேல் சுருக்க முடியாது.

வகுப்பறைதான் கதி என்றால் பருமனை விட்டுவிட்டு தூரத்தை மட்டும் காட்டுங்கள். நான்கரை மீட்டர் நீளத் தாள் பட்டை, 1 மீட்டருக்கு 100 கோடி கி.மீ. சூரியன் ஒரு முனையில் 1.4 மி.மீ. புள்ளி, அங்கிருந்து 5.8, 10.8, 15, 22.8, 77.8, 143, 287, 450 செ.மீ. தூரங்களில் மெல்லிய குறுக்குக் கோடுகள். அழகுக்காகக் கோடுகளின்மேல் உருண்டை வரையத் தொடங்குவார்கள். பூமி இங்கே 0.013 மி.மீ.; எந்தப் பேனாவாலும் வரைய முடியாது. பட்டையின் ஓரத்தில் “தூரம் மட்டுமே அளவுப்படி” என்று முதலிலேயே எழுத வைத்துவிடுங்கள்.